அஞ்சுதெங்கின் கதை – 3
திரும்பாத படகுகள்

சென்ற வாரம்: 1684-இல் ஆற்றிங்கல் ராணி உமையம்மை, மிளகு வாங்க வந்த ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடற்கரையில் இடம் கொடுத்தார். 1695-இல் அங்கே கோட்டை எழுந்தது. இரண்டே ஆண்டுகளில் ஊரார் அதைத் தாக்கினார்கள். கோட்டை விழவில்லை.

திருவனந்தபுரத்திலிருந்து கடலோரமாகவே வடக்கே சுமார் 35 கி.மீ. போனால் அஞ்சுதெங்கு வரும். தெங்கு என்றால் தென்னை. ஐந்து தென்னைமரங்கள் நின்ற இடம் என்று பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். ஆங்கிலேயர் வாயில் அது ‘அஞ்செங்கோ’ ஆனது. கேரளக் கரையில் கிடக்கும் இந்தச் சிற்றூர் ஒரு காலத்தில் நம் திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. பின்னால் அந்தக் கதைக்கு வருவோம்.

மேற்கே கடல், கிழக்கே காயல். நடுவே உள்ள ஒடுங்கிய மணல்திட்டில்தான் மொத்த ஊரும். கடல் பக்கம் மீனவர்கள், காயல் பக்கம் கயிறு திரிப்பவர்கள். தேங்காய் மட்டையைக் காயல் சேற்றுக்குள் மாதக்கணக்கில் புதைத்து ஊறவைப்பார்கள். எடுத்து அடித்து நாராக்குவார்கள். ஒருவர் ராட்டையைச் சுற்ற, நாரை மடியில் கட்டிக்கொண்ட பெண் பின்னோக்கி அடியெடுத்து வைத்துக்கொண்டே போவார். அவர் விரல்களுக்கிடையே கயிறு நீண்டுகொண்டே வரும். உலகச் சந்தையில் அந்த ரகக் கயிற்றுக்கு இந்த ஊரின் பெயரே நிலைத்தது: அஞ்செங்கோ கயிறு. மிளகோடும் துணியோடும் கயிறும் இங்கிருந்து கப்பலேறியது.

ஆனால் கம்பெனியின் கண் மிளகின் மேல்தான் இருந்தது. மிளகு விளைந்தது உள்நாட்டில். அதை விளைவித்தவர்களுக்கும் கோட்டைக்கும் இடையே தராசு நின்றது. 1721-இல் கோட்டைத் தலைவராக இருந்த வில்லியம் கிஃபோர்ட் மிளகு விலையை அடிமாட்டு விலைக்கு இறக்கினார். எடையிலும் ஏமாற்று நடந்தது. ஆற்றிங்கல் ராணிக்கு ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய காணிக்கையும் பாக்கி விழுந்தது. இடம் கொடுத்த அரண்மனைக்கே கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை என்றால், மிளகுக் கொடிக்கு நீர் ஊற்றியவனை யார் மதிப்பார்கள்? ஊருக்குள் கோபம் கனன்றது.

காணிக்கையை எங்கள் வழியாகக் கொடுங்கள் என்றார்கள் உள்ளூர்த் தலைவர்களான பிள்ளைமார். கிஃபோர்ட் மறுத்தார். ராணியிடம் நானே நேரில் கொடுப்பேன் என்று கிளம்பினார். சும்மா போகவில்லை. கோட்டையின் வணிகர்கள், வலுவான சிப்பாய்கள், சுமை தூக்குபவர்கள் என்று சுமார் 140 பேரைக் கூட்டிக்கொண்டு போனார். காணிக்கையோடு தன் பலத்தையும் காட்டிவிட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

1721 ஏப்ரல். படகுகள் காயலைக் கடந்து வாமனபுரம் ஆற்றுக்குள் நுழைந்தன. கரையில் தென்னந்தோப்புகள். கடந்து போன அந்தப் படகுகளை மட்டை அடித்துக்கொண்டிருந்த கைகள் ஒரு நொடி நின்று பார்த்திருக்கும்.

ஆற்றிங்கல் போய்ச் சேர்ந்தார்கள். காணிக்கை கொடுத்தாயிற்று. இரவு இங்கேயே தங்குங்கள் என்று சொல்லி, வந்தவர்களைப் பல இடங்களில் பிரித்துத் தங்கவைத்தார்கள் என்பது கம்பெனித் தரப்புச் செய்தி. அந்த இரவு விடியவில்லை. கிஃபோர்டும் அவரோடு போனவர்களும் ஏறக்குறைய முழுதாகக் கொல்லப்பட்டார்கள்.

இது எப்போது நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நெல்கட்டும்செவலில் பூலித்தேவன் கம்பெனிப் படையை எதிர்த்து நின்றது 1755-இல். பிளாசிப் போர் 1757-இல். அவற்றுக்கெல்லாம் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் முன்னால், கம்பெனி இன்னும் கடையாக மட்டுமே தெரிந்த காலத்தில், ஒரு மிளகுச் சீமை அதன் முகத்தை அடையாளம் கண்டுகொண்டது. கொலையை நான் கொண்டாடவில்லை. போனவர்களில் கூலிக்குச் சுமை தூக்கப் போன ஏழைகளும் இருந்தார்கள். ஆனால் அந்தக் கோபம் தராசுத் தட்டில் பிறந்தது என்பதை மறைத்து இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செத்தவர்கள் எத்தனை பேர் என்று கம்பெனி ஏட்டில் இருக்கிறது. அன்று அஞ்சுதெங்கில் வலை வீசியவர்கள் எத்தனை பேர், கயிறு திரித்தவர்கள் எத்தனை பேர்? யாரும் எண்ணவில்லை. அஞ்சுதெங்கு பின்னாளில் சேர்ந்த சென்னை மாகாணத்தில் முறையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்ததே 1871-இல்தான். அதாவது அந்த இரவுக்கு 150 ஆண்டுகள் கழித்து. மிளகை மணி மணியாக நிறுத்தவர்கள், மனிதரைத் தலை எண்ணக்கூட நினைக்கவில்லை. இந்த ஊரின் வரலாற்றில் உள்ள மிகப் பெரிய ஓட்டை அதுதான்.

கோட்டைக்குத் திரும்புவோம். பொழுது சாய்ந்தும் படகுகள் திரும்பவில்லை. அதற்குப் பதிலாக ஆற்றிங்கலிலிருந்து கிஃபோர்டின் கையெழுத்தில் ஒரு துண்டுக் கடிதம் வந்தது. ஏமாற்றப்பட்டோம், விழிப்பாக இருங்கள் என்பது அதன் சாரம்.

விழிப்பாக இருக்க அங்கே யார் இருந்தார்கள்? வலுவுள்ளவர்களை எல்லாம் கிஃபோர்ட் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மிஞ்சியவர்கள் சிறுவர்கள், முதியவர்கள், நோயாளிகள். அவர்களோடு, தாங்கள் விதவையாகிவிட்டோம் என்றே இன்னும் அறியாத மூன்று ஆங்கிலேயப் பெண்கள். பிறகு, பீரங்கிக்குப் பொறுப்பான ஒருவர். அவர் பெயர் சாமுவேல் இன்ஸ்.

கரைக்குச் சற்றுத் தள்ளி ஒரு சிறு கப்பல் நங்கூரமிட்டு நின்றது. பெண்களையும் பிள்ளைகளையும் அதில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பினார்கள். கோட்டைக் கதவு சாத்தப்பட்டது.

காயல் பக்கமிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அடுத்த ஆறு மாதங்களுக்கு அந்தக் கதவு முற்றுகைக்குள் கிடந்தது.

(அடுத்த வாரம்: முற்றுகை)