கர்நூல் – கடப்பைக் கால்வாயின் வரவு செலவு

நம் காலனியில் பெரும்பாலான இல்லங்களில் வேகும் சோறு கர்நூல் சோனா மசூரி அரிசிச் சோறு என்பதை இல்லத்தரசியர் நன்கறிவர். மாதந்தோறும் மூட்டை வாங்குகிறோம். விலை ஏறினால் கடைக்காரரிடம் முணுமுணுக்கிறோம். ஆயின், அந்நெல் விளையும் நந்தியால் பகுதி வயல்களுக்கு நீர் கொணரும் கால்வாயைப் பற்றி நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன்னர் அக்கால்வாயில் நீர் நிறைந்து ஓடியபோது, கரையோரக் குடியானவர்கள் அதனை வேண்டாமென்று மறுத்துவிட்டார்கள். ராயலசீமை என்றாலே வறட்சி என்று கேட்டுப் பழகிய நமக்கு இது விந்தையாகவே தோன்றும். குண்டக்கல்லில் அமர்ந்து நாள் முழுதும் கணக்கெழுதிப் பிழைக்கும் நாம், இவ்விந்தையைக் கணக்கின் வழியே ஆராய்வது பொருத்தமுடையதே.

சர் ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளரின் பெயர் தமிழ் மக்களுக்குப் புதிதன்று. கொள்ளிடம் பிரியுமிடத்தில் 1836-இல் மேலணையைக் கட்டிக் காவிரிப் பாசனத்தை மீட்டவர் அவர். பின்னர் 1847 முதல் 1852 வரை கோதாவரியின் குறுக்கே தவளேசுவரத்தில் அணை எடுத்தார். பஞ்சத்தால் நலிந்து, மக்கள் தொகை குறைந்து கிடந்த கோதாவரி மாவட்டம் அவ்வணையால் செழித்தது. போட்ட முதலுக்கு நூற்றுக்குப் பத்துக்கு மேல் ஆண்டுதோறும் அரசாங்கத்துக்குத் திரும்பியது. இன்றும் கோதாவரிக் கரையில் அவருக்குச் சிலைகள் உள்ளன. இந்த வெற்றிதான் பின்னால் வந்த தோல்விக்கு வித்தாயிற்று என்பது எமது எண்ணம். ஓரிடத்தில் பலித்த கணக்கு எவ்விடத்திலும் பலிக்கும் என்று நம்புவது பெரியோர்க்கும் இயல்பன்றோ!

காட்டனின் பெரும் ஆதரவுடன் லண்டனில் மெட்ராஸ் இரிகேஷன் அண்டு கெனால் கம்பெனி எழுந்தது. துங்கபத்திரையின் நீரை மறித்துத் திருப்பி, அதைப் பாசனத்துக்கும் படகுப் போக்குவரத்துக்கும் ஒருங்கே பயன்படுத்துவது அதன் நோக்கம். பத்து லட்சம் பவுன் மூலதனத்துக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி தருவதாக அரசாங்கம் பொறுப்பேற்றது. ரயில்வே அன்பர்களுக்கு இந்த ஏற்பாடு பழகியதே. அக்காலத்து ரயில் கம்பெனிகளும் இதே ஐந்து வட்டி உத்தரவாதத்தின் நிழலில் வளர்ந்தவையே. இலாபம் வந்தால் பங்குதாரருக்கு. வாராவிடின் வட்டி இந்நாட்டு வரிப்பணத்திலிருந்து. செலவைச் சுருக்கவேண்டும் என்ற கவலை யாருக்கு எழும்? 1863-இல் தொடங்கிய பணி மதிப்பீட்டை மீறி ஓடியது. மேலும் ஆறு லட்சம் பவுன் அரசாங்கத்திடம் கடனாகப் பெற்றே வேலை நிறைவேறியது. அந்நாளைய மாற்று விகிதத்தில் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகை இது.

கர்நூலுக்கு மேற்கே சுங்கேசுலாவில் அணை; அங்கிருந்து கடப்பை வரையில் சுமார் 190 மைல் நீளத்துக்கு வாய்க்கால்; கர்நூலில் ஹிந்திரி ஆற்றைக் கடக்க ஒரு நீர்ப்பாலம்; படகுகள் ஏறி இறங்க லாக்குகள். பொறியியல் வேலையில் குறை சொல்ல இடமிருந்தாலும் நீர் வந்து சேர்ந்தது உண்மை. வந்த நீரைக் கொள்வார்தான் இல்லை.

ஏன்? கம்பெனியாரின் கண்ணுக்கு அது குடியானவனின் அறியாமையாகத் தோன்றியிருக்கலாம். அவனுடைய கணக்கை எடுத்துப் பார்த்தால் வேறு காட்சி தோன்றுகிறது. நந்தியால் பள்ளத்தாக்கின் நிலம் பெரும்பாலும் கரிசல். ஐப்பசி மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, அந்த ஈரத்திலேயே சோளத்தையும் பருத்தியையும் விளைத்துத் தரும் மண் அது. வீட்டு வித்து, வீட்டு மாடு, வீட்டு ஆள். கைப்பணம் வேண்டுவது சொற்பம். அதே நிலத்தில் வாய்க்கால் நீர் பாய்ச்சி நெல் நடவேண்டுமாயின், முதலில் மேடு பள்ளம் சமன்படுத்தி வரப்பு கட்டவேண்டும். தலைவாய்க்காலிலிருந்து வயல்வரை கிளை வாய்க்கால் வெட்டவேண்டும். அது யார் செலவு என்பதிலேயே வழக்கு. பின்னர் எரு, நாற்றங்கால், நடவுக்கும் களைக்கும் ஆட்கள். ஊருக்கு ஊர் ஆள் அருகியிருந்த நாட்டில் அத்தனை கைகள் எங்கிருந்து வரும்? இவற்றின் மேல் ஆண்டுதோறும் தண்ணீர்த் தீர்வை. இடையில் கரை உடைந்து இருபது நாள் நீர் நின்றால் நெல் முழுதும் பாழ்; சோளமோ வாடிப் பிழைக்கும். அன்றியும், கரிசலில் நீர் தேங்கினால் மண் சேறாகி வேர் அழுகும். விளைந்த நெல்லை விற்கவோ அருகில் ரயில் இல்லை. மழை பொய்க்காத ஆண்டில் பாசனத்தால் கூடும் வரவு செலவைக் கட்டவில்லை. அவன் மறுத்தது முற்றிலும் சரியான கணக்கு.

கோதாவரிக் கழிமுகத்தின் நிலையே வேறு. அங்கே ஆறு வண்டல் கொழித்த சமவெளியில் ஓடுகிறது. குறைந்த செலவில் வெட்டிய வாய்க்காலில் நீர் தானே பரவும். மக்களும் முன்னரே நெல் பயிரிட்டுப் பழகியவர்கள். அணை அவர்களுடைய பழைய தொழிலுக்கு உறுதி தந்தது. கர்நூலில் அது புதுத் தொழிலையே கற்கச் சொல்லிற்று.

இவ்விடத்தில் எம் குடும்பச் செய்தி ஒன்றைக் குறிப்பிட அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். சேலம் மாவட்டத்தில் எம் பாட்டனார் கடன் வாங்கிப் பாறையில் கிணறு தோண்டினார். கவலை இறைக்க இரண்டு சோடி மாடுகள். நல்ல மழை பெய்த ஆண்டுகளில் அக்கிணற்றால் பெரும்பயன் இல்லை. ஆயினும் வட்டி ஓடியது, மாடுகள் தீனி தின்றன. ஊரார் நகைத்தனர். பின்னர் இரண்டாண்டு தொடர்ந்து மழை தவறியபோது ஊரில் பசுமையாக நின்றது அவருடைய கம்புக்கொல்லை ஒன்றே. ஆனால் அதற்குள் கடன் நிலத்தில் பாதியை விழுங்கிவிட்டிருந்தது. மீதிப் பாதி ஒரு குடும்பத்துக்குப் போதாமையால் எம் தந்தையார் ரயில்வே வேலை தேடி இவ்வூர் வந்தார். பாட்டனாரின் கணக்கு நோட்டு இன்றும் எம்மிடம் உண்டு. கிணற்றுச் செலவு அணா பைசா சுத்தமாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த இரண்டாண்டு வீட்டில் அடுப்பெரிந்ததற்கு வரவுப் பக்கத்தில் ஒரு வரியும் இல்லை.

கால்வாய்க்கும் அத்தகைய ஆண்டு வந்தது. 1876-இல் பருவமழை பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் நடுங்கிச் சொன்ன அப்பஞ்சம் 1878 வரை நீடித்தது. சென்னையிலிருந்து ராய்ச்சூர் செல்லும் ரயில் பாதை 1871-இலேயே முடிந்திருந்தது, தானியம் வந்திறங்கியது. ஆனால் கர்நூல் நகருக்கு ரயில் இல்லை. ரயிலடியிலிருந்து மாட்டுவண்டியில் ஏற்றவேண்டும். மாடுகளோ தீனியின்றி மடிந்துகொண்டிருந்தன. நிவாரண வேலையில் கல்லுடைத்த ஆண்மகனுக்கு, சர் ரிச்சர்டு டெம்பிள் விதித்தபடி, நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் கூலி. 1871-க்கும் 1881-க்கும் இடையில் கர்நூல் மாவட்டத்து மக்கள் தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

அதுகாறும் வேண்டாமென்ற நீருக்கு அப்போது போட்டி எழுந்தது. பாசனப் பரப்பு பன்மடங்கு பெருகியது. வாய்க்கால் எட்டிய ஊர்களில் விளைச்சல் கண்டது. எட்டாத ஊர்களுக்கு அதனால் பயனில்லை. முன்னமே கிளை வாய்க்கால் வெட்டாத இடங்களில் பஞ்சத்தின் நடுவே வெட்டிக்கொள்ள வலுவும் இல்லை. மழை திரும்பியதும் குடியானவர்கள் மீண்டும் சோளத்துக்கே திரும்பினர். கால்வாயின் வருமானமும் தாழ்ந்தது. காட்டன் 1878-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றக் குழுவின் முன் நின்று தம் கொள்கைக்காக வாதாடவேண்டி வந்தது. ரயிலுக்குக் கொட்டும் பணத்தைக் கால்வாய்க்குத் தரலாகாதா என்பது அவர் நெடுநாள் வாதம். ரயில்வேயின் உப்பைத் தின்னும் நாம் அதனை முழுதும் ஒப்புவதற்கில்லை. எனினும், தானியத்தை ரயில் சுமக்கலாமேயன்றி விளைக்க இயலாது என்ற அளவில் அவர் கூற்றை மறுக்கவும் இயலவில்லை.

1882-இல் அரசாங்கமே கால்வாயை விலைக்கு வாங்கிக்கொண்டது. இலாபம் தரும் பாசனம், பஞ்சம் காக்கும் பாசனம் என்ற பாகுபாடு அக்காலத்தில் உருப்பெற்றது. பஞ்சக் காப்புக்கென ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் ஒதுக்கும் ஏற்பாடு 1878-இல் வந்தது. 1901 முதல் 1903 வரை ஆராய்ந்த பாசனக் கமிஷன், தண்ணீர்த் தீர்வையை மட்டும் வரவாகக் கொள்ளாமல், பஞ்ச நிவாரணத்தில் மிச்சமாகும் செலவையும் சேர்த்து, ஏக்கருக்கு எவ்வளவு முதல் போடலாம் என்று கணக்கிட்டது. எம் பாட்டனாரின் நோட்டில் இல்லாத வரி அரசாங்கத்தின் ஏட்டில் அங்ஙனம் இடம்பெற்றது. கம்பெனி முதலிலேயே அவ்வாறு எண்ணியிருந்தால், பெரும் படகுக் கால்வாய்க்கு மாறாகச் சிறிய வாய்க்காலும், வயல்தோறும் கிளைகளும் அமைந்திருக்கும் என்பது எம் துணிபு. படகுப் போக்குவரத்து 1933-இல் நின்றே போயிற்று.

நந்தியால் வழியாக ரயில் வந்தது. நெல்லுக்குச் சந்தை கிடைத்தது. மக்கள் தொகையும் மீண்டது. துங்கபத்திரை அணை 1953-இல் எழுந்து நீரைத் தேக்கிவைத்த பின், பருவத்தில் நீர் வரும் என்ற நம்பிக்கையும் பிறந்தது. இன்று கால்வாயின் ஆயக்கட்டு சுமார் 2 லட்சத்து 65 ஆயிரம் ஏக்கர். கிருஷ்ணா நீர்த் தீர்ப்பாயம் அதற்கு 39.9 டி.எம்.சி. நீரை உரிமையாக்கியுள்ளது. அந்த நீர் கணக்குப்படி வந்து சேரவில்லை என்பதே இப்போதைய முறையீடு. தலைப்பகுதியார் நெல் நட்டு நிறைய எடுத்துக்கொள்ள, கடப்பைப் பக்கத்துக் கடைமடையார் மதகருகில் காத்து நிற்கிறார்கள். காத்துச் சலித்தவர்கள் கடன் வாங்கி ஆழ்துளைக் கிணறு போடுகிறார்கள்.