திருவண்ணாமலை: இயற்கைச் சூழலும் மரபு வாழ்வும்

திருவண்ணாமலை, தமிழ்நாட்டின் வட பகுதியில், ஏறத்தாழ 800 மீட்டர் உயரமுள்ள அண்ணாமலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்த கோயில் நகரம். பஞ்சபூதத் தலங்களுள் இது நெருப்புக்கு உரியது. மலையையே சிவனாக வழிபடும் ஊர் ஆதலால், இங்கு நிலத்தின் வரலாறும் வழிபாட்டின் வரலாறும் ஒன்றோடொன்று பிணைந்தே வளர்ந்துள்ளன.

நிலமும் நீரும்

பாறை மிகுந்த, கோடை கடுமையான வட்டாரம் இது. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் இதற்குக் கிடைக்கின்றன. வடமேற்கே உள்ள ஜவ்வாது மலையில் செய்யாறு பிறக்கிறது. தெற்கே தென்பெண்ணை ஓடுகிறது. வற்றாத ஆறு அருகில் இல்லாததால் மழைநீரை ஏரியிலும் குளத்திலும் தேக்குவதே உழவின் அடிப்படையாயிற்று. ஏரிப் பாசனத்தில் நெல்லும், மானாவாரி நிலத்தில் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலையும் விளைகின்றன. 1958இல் தென்பெண்ணையின் குறுக்கே சாத்தனூர் அணை எழுந்தது.

பண்டைய வாழ்வு

இவ்வட்டாரத்தின் பழைய வாழ்வுக்குச் சிறந்த சான்று பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம். செங்கத்தை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தருக்கு வழிகாட்டும் இந்நூல், 583 அடிகளில் தினைப்புனம், தேன், விலங்குகள், வழியோர நடுகற்கள், விருந்தோம்பும் மலைக்குடிகள் ஆகியவற்றை விரிக்கிறது. இதில் வரும் நவிரமலை இன்றைய பர்வதமலை. பல்லவர் காலத்தில் ஆநிரைப் போர்களில் இறந்த வீரர்களுக்கு எடுத்த நடுகற்கள் செங்கம் பகுதியில் ஏராளமாகக் கிடைத்துள்ளன. எடுத்தனூர்க் கல்லில் கள்வரைக் கடித்த கோவிவன் என்ற நாயும் வீரனுடன் இடம்பெற்றுள்ளது. கால்நடையே செல்வமாக இருந்த சமூகத்தில் அதைக் காத்த நாய்க்கும் வீரனுக்குரிய மதிப்புக் கிடைத்தது. ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடியினர் சாமை விதைத்தும் தேன் எடுத்தும் மலைபடுகடாம் காட்டும் மலைவாழ்வைத் தொடர்கின்றனர்.

கோயிலும் ஆண்டுச் சுழற்சியும்

அப்பரும் சம்பந்தரும் பாடிய இத்தலத்தில், சோழர் முதல் நாயக்கர் வரை பலரும் திருப்பணி செய்தனர். 14ஆம் நூற்றாண்டில் ஒய்சள மன்னன் மூன்றாம் வல்லாளன் இங்கிருந்து ஆண்டான். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் இத்தலத்து இறைவன் அண்ணாமலையாரே அவனுக்குத் திதி கொடுப்பதாக ஐதிகம். கிருஷ்ணதேவராயர் தொடங்கிய 66 மீட்டர் உயர ராஜகோபுரத்தைத் தஞ்சை நாயக்கர் செவ்வப்பர் முடித்தார்.

ஊரின் ஆண்டைத் திருவிழாக்களே வகுக்கின்றன. மாட்டுப் பொங்கலன்று சிவனும் உமையும் ஊடிக் கூடும் திருவூடல் நடக்கிறது. கார்த்திகைத் தீபத்தை ஒட்டி மாட்டுச் சந்தை கூடுகிறது. தீபத்தன்று மாலை, பர்வதராஜகுலத்தார் மலையுச்சியில் செப்புக் கொப்பரையில் நெய் ஊற்றித் தீபம் ஏற்றுகின்றனர். அது தெரிந்த பிறகே சுற்று வட்டாரத்தார் வீட்டில் அகல் ஏற்றுவர். அடுத்துவரும் நாள்களில் ஐயங்குளத்தில் தெப்பம் மிதக்கும். பதினொரு நாள் எரியும் தீபத்தின் மை ஆருத்ரா தரிசனத்தின்போது பிரசாதமாகிறது. பௌர்ணமிதோறும் மக்கள் 14 கிலோமீட்டர் கிரிவலம் வந்து எட்டு லிங்கங்களை வணங்குகின்றனர்.

காடும் காப்பும்

1896இல் இங்கு வந்த ஞானி ரமணர், குகைகளிலும் பின்னர் அடிவாரத்திலும் வாழ்ந்து 1950இல் மறைந்தார். மரம் வெட்டுதலாலும் மேய்ச்சலாலும் கோடையில் காய்ந்த புல்லில் பற்றும் தீயாலும் அவர் வாழ்ந்த இம்மலை 20ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் மொட்டையாயிற்று. 1980களின் இறுதியிலிருந்து தன்னார்வலர்களும் வனத்துறையும் நாட்டு மரக்கன்றுகளை நட்டு, தீத்தடுப்புக் கோடுகள் வெட்டிப் பராமரித்ததால் சரிவுகளில் காடு மீண்டு வருகிறது.

2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டுத் தீபத்திற்குப் பக்தர்கள் மலையேற அனுமதி கிடைக்கவில்லை. மரபையும் மண்ணையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதை அந்த இழப்பு உணர்த்தியது. மலையை இறைவனாக வணங்கும் ஊருக்கு, அதன் சரிவில் வீடு பெருகாமல் தடுப்பதும் ஓடைகளையும் குளங்களையும் காப்பதும் விளக்கேற்றுவதற்கு இணையான கடமை.