முதலில் எழுந்தது பள்ளிக்கூடம்

 

சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் நாட்களில் எங்கள் வகுப்புகளில் ஒரு கேள்வி வராமல் இருக்காது. "சேர், இனிப் படிச்சு என்ன நடக்கப்போகுது?" முன்பெல்லாம் முயற்சி, வெற்றி என்று அரைமணி நேரம் பேசுவோம். பிள்ளைகள் தலையாட்டுவார்கள், அடுத்த நாளும் அதே முகத்தோடு வருவார்கள். இப்போது பேச்சை விட்டுவிட்டு, அவர்கள் தினமும் கடந்து வரும் பரந்தன் சந்தியின் வரலாற்றைச் சொல்கிறோம்.

அந்தச் சந்தியில் ஏ9 வீதி வடக்கே ஆனையிறவுக்கும் தெற்கே கிளிநொச்சிக்கும் போகிறது. மேற்கே பூநகரி. கிழக்கே ஏ35 வீதி தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு தாண்டி முல்லைத்தீவு வரை ஓடுகிறது. போர் இந்த ஊரில் பலதையும் நிறுத்தியது. அவற்றில் எது முதலில் எழுந்தது என்று பிள்ளைகளிடம் கேட்போம்.

பரந்தன் என்றால் ஒரு காலத்தில் இரசாயனத் தொழிற்சாலைதான். ஆனையிறவு உப்பைக் கொண்டு கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த இடம். போரோடு நின்றது, பல பத்தாண்டுகள் இடிபாடாகவே கிடந்தது.

அடுத்தது ரயில். 1990 ஜூனில் வடக்குப் பாதை நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2013 செப்டெம்பரில் ரயில் கிளிநொச்சிக்கு வந்தது. 2014 மார்ச்சில் பளை வரை பாதை திறந்தபோதுதான் பரந்தனைத் தாண்டி மீண்டும் ஓடியது. ஏறத்தாழ 24 ஆண்டுகள்.

பள்ளிக்கூடம்? 2008 இன் பிற்பகுதியில் கிளிநொச்சிப் பக்கத்துச் சனம் ஏ35 வழியே கிழக்கு நோக்கி நகர்ந்தது. உழவு இயந்திரப் பெட்டிகளில் கூரைத் தகரமும் நெல் மூட்டையும் ஏற்றிப் போனார்கள். ஒவ்வொரு இடப்பெயர்விலும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டு, 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் இருந்து வெறுங்கையோடு வெளியே வந்தார்கள். செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தறப்பாளின் கீழ் இருந்தார்கள்.

அந்த முகாம்களில் இருந்து 2009 ஆகஸ்டில் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். போர் முடிந்து மூன்று மாதம்தான். தாய் தகப்பனைத் தேடிக்கொண்டிருந்த பிள்ளையும் எழுதியது, காயம் ஆறாத பிள்ளையும் எழுதியது. அவர்களுக்குப் படிப்பித்த ஆசிரியர்களும் அதே தண்ணீர் வரிசையில் நின்ற அகதிகள்தான். ரயிலுக்கு 24 ஆண்டு, படிப்புக்கு மூன்று மாதம்.

இதைச் சொன்ன ஒரு நாள், ஒரு மாணவி எழும்பிக் கேட்டாள். "சேர், உங்கட ஆக்களுக்கு இடப்பெயர்வு தெரியுமா?"

தெரியும், மகள். 1990 ஒக்டோபரில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலும் இருந்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். 70,000 பேருக்கு மேல். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். பெரும்பாலானோர் புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களில் குடியேறினார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் காலையில் படித்துப் போன பள்ளிகளில் அகதிப் பிள்ளைகள் பின்னேரம் படித்தார்கள். எங்கள் வயதுக்காரர் பலர் 'அ' எழுதிப் பழகியது அந்தக் காலத்தில்தான்.

வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. யாருடைய வலி பெரியது என்று அளக்க நாங்கள் இதைச் சொல்லவில்லை. இரு தரப்புப் பிள்ளைகளும் இருந்த நிலை ஒன்று, தொடங்கிய இடமும் ஒன்று.

எங்கள் மார்க்கத்தின் வரலாற்றிலும் இது உண்டு. மக்காவை விட்டு மதீனாவுக்கு ஹிஜ்ரத் வந்தவர்களில் வீடு வாசல் இல்லாத ஏழைகள், நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலை ஒட்டிய நிழற்கூரையின் கீழ் தங்கினார்கள். திண்ணைத் தோழர்கள் என்று நாம் சொல்வது அவர்களைத்தான். பசியோடு இருந்த அந்த இடத்திலேயே மார்க்கக் கல்வியும் கற்றார்கள். வீடு கிடைத்த பிறகு படிப்போம் என்று காத்திருக்கவில்லை. ஸபூர் என்றால் கையைக் கட்டிக்கொண்டு பொறுத்திருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். செய்ய வேண்டியதை விடாமல் செய்துகொண்டே பொறுப்பதுதான் ஸபூர்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. எல்லோராலும் முடியவில்லை. முகாமில் படிப்பை விட்டவர்கள், குடும்பத்துக்காகக் கூலி வேலைக்குப் போனவர்கள், மனம் உடைந்து எழும்பாமலே போனவர்கள் இரு பக்கத்திலும் உண்டு. அவர்களிடம் முயற்சி இல்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. எழுந்தவர்களும் தனியே எழவில்லை. தறப்பாளுக்குள் படிப்பித்த ஆசிரியர், இடம் தந்த புத்தளத்துப் பள்ளி, பேனை கொடுத்த அயலவர் என்று யாரோ ஒருவர் பக்கத்தில் இருந்தார். அந்த ஒருவராக இருப்பதுதான் இப்போது எங்கள் வேலை.

ஆகவே பிள்ளைகளே, எல்லாம் சரியாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். இன்றிரவு ஒரு கடந்தகால வினாத்தாள், அதில் ஒரே ஒரு கணக்கு. பிழைத்தால் பரவாயில்லை, கொப்பியோடு நாளைக்கு வாருங்கள். நாங்கள் இருக்கிறோம்.

அல்லாஹ் எல்லோருடைய முயற்சியையும் ஏற்றுக்கொள்வானாக.