குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவு யார் கணக்கில்?



பி.காம். படித்தவர்களுக்கு வருமான வரிப் பாடத்தில் இந்த வரி மனப்பாடமாக இருக்கும்: பிள்ளைகளின் கல்விப்படி, ஒரு பிள்ளைக்கு மாதம் 100 ரூபாய், அதிகபட்சம் இரண்டு பிள்ளைகள். 1990களில் வைத்த இந்த 100 ரூபாய், கால் நூற்றாண்டு தாண்டியும் அசையாமல் அப்படியே நின்றது. பரீட்சையில் இரண்டு மார்க் வாங்கித் தரும் என்பதைத் தவிர வேறு பெரிய பயன் இருந்ததாகத் தெரியவில்லை!

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவில் ப்ளே ஸ்கூல் கல்விக் கட்டணத்துக்குக் கழிவு இருந்தது. ஆனால் அம்மா வேலைக்குப் போகும் நேரத்தில் கைக்குழந்தையைக் காப்பகத்தில் விட்டால், அந்தக் கட்டணத்துக்குக் கழிவு கிடையாது. இது ஏன் என்று யோசித்தால் ஒரு பெரிய சரித்திரமே இருக்கிறது.

முதலில் அமெரிக்காவைப் பார்ப்போம். அங்கே 1981இல் ஒரு சட்டம் வந்தது. ஊழியர் தன் சம்பளத்தில் ஒரு பகுதியை வரி பிடிப்பதற்கு முன்பே தனியாக ஒதுக்கி வைக்கலாம். 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவுக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். 1986இல் இதற்கு ஆண்டுக்கு 5,000 டாலர் என்று உச்சவரம்பு போட்டார்கள். கொரோனா காலத்தில் 2021க்கு மட்டும் 10,500 ஆக்கினார்கள். நிரந்தரமாக 7,500 ஆனது 2026இல்தான். செலவழிக்காமல் மிஞ்சிய பணம் கைக்கு வராது. ஆக, குழந்தையை வளர்க்கும் செலவு ஊழியருடையது, அரசு வரியை மட்டும் விட்டுக்கொடுக்கிறது.

நம் நாட்டில் இந்த வழியே இல்லாமல் இல்லை. 1950களின் பிற்பகுதியில், டி.டி.கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்த காலத்தில், பிள்ளை உள்ளவருக்கு வரிவிலக்கு வரம்பு கூடுதலாக இருந்தது. பிற்பாடு அது மறைந்துவிட்டது. ஆனால் அன்றைக்கு வருமான வரி கட்டியவர்கள் எத்தனை பேர்? வரியே கட்டாதவருக்கு வரிச்சலுகை கொடுத்து என்ன பிரயோஜனம்?

அதனால் இங்கே சட்டம் வேறு ஒரு பக்கம் திரும்பியது. செலவை முதலாளி கணக்கில் எழுதியது. 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 1976இல் அந்த 50 என்பது 30 ஆனது.

இதில் ஒரு சிக்கலைக் கவனியுங்கள். எண்ணியது பெண்களை மட்டும். காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்கு உடனே புரியும். முப்பது பெண்கள் வரை காப்பகச் செலவு பூஜ்யம். முப்பத்தொன்றாவது பெண்ணைச் சேர்த்தால் ஒரு அறை, ஒரு ஆயா, பால், தொட்டில் எல்லாம் முதலாளி தலையில். கணக்குப் பார்க்கிற முதலாளி முப்பதோடு நிறுத்திக்கொள்ள மாட்டாரா? பெண்ணுக்காகப் போட்ட சட்டமே பெண்ணை வேலைக்கு எடுக்கத் தயங்க வைக்கும்!

நம்ம திருச்சிக்கு வருவோம். புகையிலைக்குப் பேர் போன ஊர். 1887இல் வந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையிலேயே, சாம்பலைப் பார்த்து இது திருச்சி சுருட்டு என்று ஹோம்ஸ் சொல்லிவிடுவார். பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கு என்றே 1966இல் தனிச் சட்டம் வந்தது. அதிலும் 50 பெண்களுக்கு மேல் இருந்தால் காப்பகம் என்று எழுதியிருந்தார்கள். ஆனால் தமிழ்நாட்டில் பீடி சுற்றுகிற பெண்களில் பெரும்பாலானவர்கள் வீட்டிலேயே முறத்தை மடியில் வைத்துக்கொண்டு சுற்றுகிறவர்கள். வீட்டில் ஏது ஐம்பது பேர்? குழந்தை அந்தப் புகையிலைத் தூசிக்குப் பக்கத்திலேயேதான் தூங்கியது.

ஸ்ரீரங்கத்துக் கதை வேறு. சித்திரை வீதியிலும் உத்திர வீதியிலும் கூட்டுக் குடும்பங்கள் இருந்தவரை காப்பகம் என்றால் பாட்டிதான். பிள்ளைகள் வெளிநாடு போன பிறகும் பேரன் பேத்தி பிறந்தால் பாட்டி பிளேன் ஏறிப் போய் ஆறு மாதம் பார்த்துவிட்டு வருகிறார். அந்த உழைப்புக்குச் சம்பளமும் இல்லை, வவுச்சரும் இல்லை. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாத செலவு அது.

நான்காவதாக ஒரு கணக்கு உண்டு. அதுவும் திருச்சிப் பக்கம்தான். 1982 ஜூலை 1ஆம் தேதி, பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறோம். இரண்டு வயதிலிருந்தே கிராமத்துக் குழந்தைகள் மையத்தில் அதற்கு இடம் இருந்தது. சாப்பாட்டுக்காக வந்த குழந்தை சில மணி நேரம் அங்கேயே இருந்தது. அம்மா வயலுக்குப் போக முடிந்தது. அம்மா எங்கே வேலை செய்கிறாள், அங்கே எத்தனை பெண்கள், வரி கட்டுகிறாளா என்று யாரும் கேட்கவில்லை.

குறையும் இருக்கிறது. அங்கன்வாடி சாயங்காலம் கடை, கம்பெனி வேலை முடியும் வரை திறந்திருப்பதில்லை. கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. இதைச் சரிசெய்ய மத்திய அரசு 2022இல் 'பால்னா' என்ற பெயரில் அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்க்கத் தொடங்கியது.

முதலாளி கணக்கிலும் மாற்றம் வந்தது. 2017 மகப்பேறு சட்டத் திருத்தம் ஆண், பெண் இருவரையும் சேர்த்து 50 ஊழியர்கள் என்று எண்ணச் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் அதே 50தான். பெண்ணை எடுத்தால்தான் செலவு என்ற நிலை இதனால் மாறுகிறது. நல்ல விஷயம். ஆனால் ஐம்பது பேர் இல்லாத ஜவுளிக்கடைக்கும், வீட்டில் பீடி சுற்றும் அம்மாவுக்கும் இதுவும் எட்டாது.

அமெரிக்கா மாதிரி இங்கேயும் வரிச்சலுகை வேண்டும் என்று சம்பளக்காரர்கள் கேட்பதில் தப்பில்லை. ஆனால் அரசாங்கத்திடம் ஒரே ஒரு ரூபாய்தான் இருக்கிறது, எதில் போடலாம் என்று கேட்டால், நான் பாப்பாக்குறிச்சி பக்கம்தான் கை காட்டுவேன். அங்கன்வாடியைச் சாயங்காலம் ஆறு மணி வரை திறந்து வையுங்கள், தொட்டில் கட்டுங்கள், அங்கே வேலை செய்கிற அக்காவுக்கு ஒழுங்கான சம்பளம் கொடுங்கள். அதன் பலன் வரி கட்டுகிறவருக்கும் போகும், கட்டாதவருக்கும் போகும்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?