'பீப்... பீப்...' – உங்கள் கைப்பேசியின் நீலப் புள்ளிக்கும் 1957இல் பறந்த உருண்டைக்கும் என்ன தொடர்பு?

புது இடத்துக்குப் போறீங்க. வழி தெரியவில்லை. கைப்பேசியில் வரைபடத்தைத் திறக்கிறீர்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு நீலப் புள்ளி.

அந்தப் புள்ளியின் கதை 1957ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் தேதி தொடங்கியது.

அன்று மாஸ்கோ நேரப்படி இரவு 10.28க்கு, சோவியத் ஒன்றியம் 'ஸ்புட்னிக் 1' எனும் உலகின் முதல் செயற்கைத் துணைக்கோளத்தை விண்ணில் பாய்ச்சியது. மலாயா சுதந்திரம் பெற்று அப்போது 34 நாள்தான் ஆகியிருந்தது!

ஸ்புட்னிக் என்றால்?

ரஷ்ய மொழியில் 'உடன் பயணம் செய்பவர்' என்று பொருள். வழித்துணை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் 'துணைக்கோளம்' என்கிறோமே, அதுவும் கிட்டத்தட்ட அதே எண்ணம்தான்.

பார்க்க எப்படி இருந்தது?

- பளபளக்கும் உலோக உருண்டை. விட்டம் 58 சென்டிமீட்டர்
- எடை 83.6 கிலோகிராம், அதில் பாதிக்கும் மேல் மின்கலன்களின் எடை
- நான்கு நீண்ட ஆண்டெனாக்கள்
- பூமியை ஒருமுறை சுற்ற 96 நிமிடம்

கேமரா? கிடையாது. வானொலி அலைகளை அனுப்பும் கருவி மட்டும் இருந்தது. அது 'பீப்... பீப்...' என்று ஒலித்தது. அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு எளிமை? சோவியத் அறிவியலாளர்கள் முதலில் திட்டமிட்டது பல கருவிகள் கொண்ட பெரிய துணைக்கோளம். அந்த வேலை இழுத்துக்கொண்டே போனது. அமெரிக்கா முந்திக்கொள்ளுமோ என்ற கவலை வேறு. அதனால் சீக்கிரம் செய்யக்கூடிய ஒன்றை முதலில் அனுப்ப முடிவெடுத்தார்கள்.

கீழே விழாமல் எப்படிச் சுற்றியது?

"விண்வெளியில் ஈர்ப்பு விசை இல்லை, அதனால் மிதக்குது" என்று நினைக்கிறீர்களா? இல்லை. அந்த உயரத்திலும் பூமி இழுத்துக்கொண்டேதான் இருக்கும்.

ஒரு கல்லை நேராக வீசுங்கள். கொஞ்ச தூரம் போய் விழும். வேகமாக வீசினால் இன்னும் தள்ளி விழும். வினாடிக்குச் சுமார் 8 கிலோமீட்டர் வேகத்தில் வீச முடிந்தால்? கல் விழ விழ, உருண்டையான பூமியும் அதற்குக் கீழே வளைந்துகொண்டே போகும். கல் தரையைத் தொடவே தொடாது.

அந்த வேகத்தில் போனால் கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு அரை நிமிடம்கூட ஆகாது!

வெறும் 'பீப்' சத்தத்துக்கு ஏன் பயந்தார்கள்?

உலகெங்கும் வானொலி ஆர்வலர்கள் தங்கள் வீட்டுக் கருவியிலேயே அந்த ஒலியைக் கேட்டார்கள். பலருக்கு வியப்பு. அமெரிக்காவில் பலருக்கு அச்சம்.

அச்சம் உருண்டையைப் பார்த்து அல்ல. அதைச் சுமந்து சென்ற ஆர்-7 ராக்கெட்டைப் பார்த்து. கண்டம் விட்டுக் கண்டம் அணுகுண்டைக் கொண்டுபோகவே அது உருவாக்கப்பட்டது. துணைக்கோளத்தை அனுப்ப முடிந்தால், குண்டையும் அனுப்ப முடியும் இல்லையா?

அமெரிக்கா அவசர அவசரமாகப் பதில் சொல்லப் பார்த்தது. 1957 டிசம்பர் 6ஆம் தேதி அதன் வேன்கார்ட் ராக்கெட் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டி எழும்பி, அப்படியே விழுந்து வெடித்தது. தூக்கியெறியப்பட்ட சிறிய துணைக்கோளம் தரையில் கிடந்தபடியே ஒலியை அனுப்பிக்கொண்டிருந்தது. நாளிதழ்கள் அதை 'ஃப்ளாப்னிக்' என்று கிண்டல் செய்தன.

1958 ஜனவரி 31ஆம் தேதி எக்ஸ்ப்ளோரர் 1 வெற்றி கண்டது. அதிலிருந்த கருவி, பூமியைச் சூழ்ந்துள்ள கதிர்வீச்சு வளையங்களைக் கண்டறிய உதவியது. 'வேன் ஆலன் வளையங்கள்' என்று பாடத்தில் படித்திருப்பீர்களே, அவைதாம் இவை. அதே ஆண்டு நாசா அமைக்கப்பட்டது.

போட்டிக்கு விலை கொடுத்தது யார்?

ஸ்புட்னிக் 1 சென்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. நவம்பர் 3ஆம் தேதி ஸ்புட்னிக் 2 கிளம்பியது. உள்ளே லைக்கா எனும் நாய். மாஸ்கோ தெருக்களில் திரிந்த நாய் அது.

அதைத் திரும்பக் கொண்டுவரத் திட்டமே இல்லை. சில நாள் உயிரோடு இருந்ததாகத்தான் பல ஆண்டுகள் உலகம் நம்பியது. ஆனால் கடும் வெப்பத்தால் சில மணி நேரத்திலேயே லைக்கா இறந்துவிட்டது என்ற உண்மை 2002இல்தான் வெளிவந்தது.

இன்னொருவரும் மறைக்கப்பட்டிருந்தார். ஸ்புட்னிக்கின் மூளையாகச் செயல்பட்ட செர்கெய் கொரொலியோவ். வெளியுலகுக்கு அவர் 'தலைமை வடிவமைப்பாளர்' மட்டுமே. 1966இல் அவர் இறந்த பிறகுதான் பெயர் வெளியே வந்தது.

சரி, நீலப் புள்ளி எங்கிருந்து வந்தது?

ஆம்புலன்ஸ் உங்களை நெருங்கும்போது சைரன் ஒலி கூர்மையாகக் கேட்கும். கடந்து போனதும் தாழ்ந்துவிடும். கவனித்திருப்பீர்கள். இதற்கு டாப்ளர் விளைவு என்று பெயர்.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபன்பாக் எனும் இரண்டு இளம் இயற்பியலாளர்கள் ஸ்புட்னிக்கின் 'பீப்' ஒலியைப் பதிவு செய்தார்கள். அதன் அலைவரிசை மாறிய விதத்தை வைத்தே துணைக்கோளம் எந்தப் பாதையில் போகிறது என்று கணக்கிட்டார்கள்.

அப்போது அவர்களின் மேலதிகாரி ஃபிராங்க் மெக்ளூர் கணக்கைத் திருப்பிப் போட்டார்: துணைக்கோளம் இருக்கும் இடம் தெரிந்தால், தரையில் நாம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கலாமே?

அந்தக் கேள்வியில் பிறந்ததுதான் 'டிரான்சிட்'. கடற்படைக்கு வழிகாட்டிய துணைக்கோளக் கட்டமைப்பு. ஜிபிஎஸ் வந்தது அதற்குப் பிறகு. ஜிபிஎஸ், சமிக்ஞை வந்துசேரும் நேரத்தை அளந்து இடத்தைச் சொல்கிறது. முறை வேறு, ஆனால் வானிலிருந்து வழி கேட்கும் எண்ணம் ஒன்றுதான்.

ஸ்புட்னிக் என்ன ஆனது?

மூன்று வாரத்தில் மின்கலன்கள் தீர்ந்தன. ஒலி நின்றது. அந்த உயரத்திலும் இருக்கும் மெல்லிய காற்று அதன் வேகத்தைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்தது. 1958 ஜனவரி 4ஆம் தேதி அது காற்று மண்டலத்தில் நுழைந்து எரிந்துபோனது.

ஏவுதளம் மட்டும் நிலைத்தது. கஸக்ஸ்தானின் பைக்கானூரில் உள்ள அதே தளத்திலிருந்துதான் 2007 அக்டோபர் 10ஆம் தேதி நம் நாட்டின் முதல் விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முஸாபர் ஷுகோர் புறப்பட்டார். ஸ்புட்னிக் கிளம்பி 50 ஆண்டும் 6 நாளும் ஆகியிருந்தன. அவரைச் சுமந்த சோயுஸ் ராக்கெட், ஆர்-7 குடும்பத்தைச் சேர்ந்ததே.

குண்டைச் சுமக்கப் பிறந்த ராக்கெட் மனிதரையும் சுமந்தது. பயமுறுத்திய 'பீப்' வழி காட்டக் கற்றுக்கொடுத்தது. அடுத்த முறை வரைபடத்தைத் திறக்கும்போது, அந்த உருண்டையையும் லைக்காவையும் ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.