பாவையை ஆட்டும் கை

தேனி அல்லிநகரம் என்று இரண்டு ஊர்களை ஒன்றாகச் சொல்வது எங்கள் நகராட்சியின் பெயர். அந்த அல்லிநகரத்தில் வளர்ந்த எங்களில் பலருக்கு வீடியோ கேம் என்றால் ‘முஸ்தபா’தான். ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993-இல் வெளியிட்ட ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’ என்ற சண்டை ஆட்டத்துக்கு, அதன் நாயகர்களுள் ஒருவனான முஸ்தபாவின் பெயரையே இந்தியச் சிறுவர்கள் சூட்டிவிட்டார்கள். காசைப் போட்டு டைனோசார்களோடு மல்லுக்கட்டிய அந்நாளில் எங்களுக்குத் தோன்றாத கேள்வி ஒன்று, பிற்பாடு தோன்றியது. மாயம் செய்யும் அரக்கர்களுக்கு நம் கதைகளில் பஞ்சமா என்ன? அவர்கள் ஏன் அந்தத் திரைக்குள் வரவில்லை?

வந்தார்கள், தாமதமாக. அந்த வரவின் சிறு வரலாற்றில் மூன்று ஆட்டங்களை இங்கே குறிப்பிட விரும்புகிறோம்.

முதலாவது 2009-இல் ஹைதராபாத்தின் அரோனா நிறுவனம் உருவாக்கிய ‘ஹனுமான்: பாய் வாரியர்’. பிளேஸ்டேஷன் 2 கருவிக்காக முழுக்க இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் ஆட்டம் என்று அறியப்பட்டது. அது வெளிவந்ததும் அமெரிக்காவில் வாழும் இந்து சமயப் பிரமுகர் ராஜன் ஜெட் எதிர்ப்புத் தெரிவித்தார். வழிபடும் தெய்வத்தைப் பொத்தான்களால் ஆட்டுவிப்பது அதைச் சிறுமைப்படுத்துவதாகும் என்பது அவர் வாதம்.

இரண்டாவது, 2017-இல் அதே ஹைதராபாத்திலிருந்து ஓகர் ஹெட் என்ற சிறு குழு வெளியிட்ட ‘அசுரா’. பெரிய நிறுவனங்களைச் சாராமல் செய்யப்பட்டது. இன்றும் பலர் அறியாதது. ஒவ்வொரு முறை ஆடும்போதும் கற்கக்கூடிய ஆற்றல்களின் வரிசை புதிதாக மாறியமையும் என்பது அதன் தனித்தன்மை. அதன் தலைப்பே அசுரனுடையது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது புனேயின் நாடிங் ஹெட்ஸ் குழு செய்த ‘ராஜி’. 2017-இல் பொதுமக்களிடம் இணையவழி நிதி கேட்டார்கள். கேட்ட தொகை சேரவில்லை. ஆயினும் விடாமல் உழைத்து 2020-இல் வெளியிட்டார்கள். அவ்வாண்டின் ‘கேம் அவார்ட்ஸ்’ விழாவில் சிறந்த முதல் படைப்புக்கான பரிந்துரைப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. ஊர் ஊராகச் சென்று வித்தை காட்டும் கூட்டத்துப் பெண் ராஜி. மகாபலாசுரனின் படைகள் அவள் தம்பி கோலுவைத் தூக்கிச் செல்கின்றன. அவள் தேடிப் போகிறாள். துர்க்கையும் விஷ்ணுவும் கதை சொல்லிகளாக வருகிறார்கள். அவளுக்கு ஆயுதம் அருள்கிறார்கள். ஆனால் நம் விரல் அசைவுக்கு அசைபவள் ராஜி மட்டுமே. 2009-இல் எழுந்த கேள்விக்கு இதைவிடப் பணிவான விடை இருக்க முடியாது. தெய்வம் வழிகாட்டுகிறது, மனுஷி சண்டை போடுகிறாள்.

இந்த ஆட்டத்தின் இடையிடையே கதை நகரும் இடங்கள் நிழற்பாவைகளாகக் காட்டப்படுகின்றன. எங்களை நிறுத்தி வைத்தது அதுதான். தமிழ்நாட்டில் தோல்பாவைக் கூத்தை நடத்திவந்தவர்கள், மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட மண்டிகர் பிரிவினர். வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கு வெளிச்சத்தில் ஒரே மனிதர் இராமனையும் ஆட்டுவார், இராவணனையும் ஆட்டுவார். இருவருக்கும் குரல் கொடுப்பவரும் அவரே. நடுவில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து சிரிக்க வைப்பார்கள். தெய்வத்தைக் குச்சியில் கட்டி ஆட்டுகிறார் என்று அவரை எவரும் குற்றம் சொன்னதில்லை.

நம் நாட்டார் மரபின் மயில் ராவணன் கதையும் ‘ராஜி’யின் கதையும் ஒரே எலும்புக்கூட்டின் மேல் எழுந்தவை. மாய அரக்கன் இராம லட்சுமணரைப் பாதாளத்துக்குக் கொண்டுபோகிறான். அனுமன் மீட்கப் போகிறான். வாயிலில் அவனை மறித்துச் சண்டையிடும் காவலன் மச்சவல்லபன், அவனுடைய மகனே. எதிரி என்று ஓங்கிய கை உறவென்று அறிந்து தாழும் அந்த இடத்துக்கு ஈடான ஒன்றை, அரக்கர்களை வெட்டி வீழ்த்திக்கொண்டே போகும் ‘ராஜி’யில் நாங்கள் காணவில்லை. நம் பழைய கூத்தில் அரக்கர்பக்கத்தாருக்கும் உறவு உண்டு, கண்ணீர் உண்டு.

ஒரு வேறுபாட்டை மறைக்கலாகாது. கூத்தில் பாவையைப் பிடித்தவர், பரம்பரையாகக் கதையைக் கற்றவர். நாம் திரைக்கு இப்பால் அமர்ந்திருந்தோம். இன்றைய ஆட்டத்தில் குச்சி நம் கைக்கே வந்துவிட்டது. ராஜன் ஜெட் அஞ்சியது ஒருவேளை இதற்காகத்தான் இருக்கலாம். அந்த அச்சத்தை நாங்கள் எள்ளி நகையாட மாட்டோம். ஆனால் அதற்கு மருந்து தடை அல்ல என்பது எங்கள் எண்ணம். பாவையை ஆட்டும் கைக்குக் கதை தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

தோல்பாவைக் கூத்தை நடத்தும் குழுக்கள் அருகிவிட்டன. அவர்கள் வடிவம் புனேக்காரர்களின் கணினிக்குள் புகுந்து உலகெங்கும் போயிருக்கிறது. மச்சவல்லபனின் வாயில் மட்டும் இன்னும் திறக்கப்படாமல் இருக்கிறது. அதை ஆட்டமாக்க முனையும் இளைஞர், முதலில் எஞ்சியிருக்கும் ஒரு கூத்துக்காரரின் திரைக்குப் பின்னால் சென்று ஓர் இரவு அமர்ந்துவிட்டு வரட்டும்.