ரோபோ நமக்கு நண்பனாக முடியுமா? ஜீனோவும் சிட்டியும் சொல்லும் பதில்

பெருங்களத்தூரில் மின்சார ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில், மொபைலில் ஏஐயிடம் மனக்கஷ்டத்தைக் கொட்டுறீங்க. "கவலைப்படாதீங்க, நான் இருக்கேன்" என்று பதில் வருகிறது. இது நட்பா? தமிழ்க் கதைகள் இந்தக் கேள்வியை முன்பே கேட்டுவிட்டன.

யார் இந்த ஜீனோ?
சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' நாவலில் வரும் ரோபோ நாய். புத்தகம் படிக்கும், தானாகவே யோசிக்கும். காணாமல் போன கணவனைத் தேடும் நிலாவுக்கு அதுதான் துணை.

சிட்டி எப்படி?
2010-ல் வெளியான 'எந்திரன்' படத்தில், சோதனையின்போது உத்தரவு வந்ததும், தன்னை உருவாக்கிய வசீகரனையே குத்தப் பாய்கிறது சிட்டி. பகை இல்லை, நல்லது கெட்டது தெரியாது. உணர்வு வந்த பிறகோ, காதலால் அவருக்கே எதிரியாகிறது.

வித்தியாசம் என்ன?
சொன்னதை எல்லாம் செய்வது நட்பு அல்ல. 'முடியாது' என்று சொல்லக்கூடியவர் நமக்காக 'சரி' சொல்வதுதான் நட்பு. ஜீனோ யோசித்து உதவுவதால்தான் வாசகர்களுக்கு அது நண்பனாகத் தெரிகிறது.

நிஜத்தில்?
மனிதர்கள் எழுதியதைப் படித்துப் பேசப் பழகியது இன்றைய ஏஐ. அது உணர்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. நமக்குக் கிடைக்கும் ஆறுதல் மட்டும் நிஜம். ஆனால் ரெண்டு நாள் பேசாவிட்டால், "என்னாச்சு?" என்று வீடு தேடி வருவது மனிதர்தான். அவருக்கும் ஒரு போன் போடுங்க.